ஜெபர்டி பொத்தானுக்குப் பேனாப் பயிற்சி

அமெரிக்காவின் ‘ஜெபர்டி’ வினாடி வினாவுக்குத் தயாராகிறவர்கள், வீட்டில் நிகழ்ச்சியைப் பார்க்கும்போது நின்றுகொண்டு, அழுத்தினால் முனை வெளிவரும் பேனா ஒன்றைக் கையில் பிடித்து, தொகுப்பாளர் வினாக்குறிப்பின் கடைசி அசையை வாசித்து முடித்த பிறகே கட்டைவிரலால் அழுத்திப் பழக வேண்டும். நிகழ்ச்சி அரங்கில் வாசிப்பு முடிந்து, வினாக்குறிப்புப் பலகையின் இருபுறமும் விளக்குகள் எரிந்த பின்னரே, விடை சொல்லும் வாய்ப்பைக் கேட்டுப் போட்டியாளர் அழுத்தும் கைப்பொத்தான் வேலை செய்யும். முந்தி அழுத்தியவரின் பொத்தான் கால் நொடி முடங்கிவிடும் என்பதால், போட்டியாளர்கள் மூவருக்குமே விடை தெரிந்திருக்கும் வேளையில் அந்தக் கால் நொடி வாய்ப்பையே பறித்துவிடுகிறது. பதற்றத்தில் விரல் முந்துவது இயல்புதான். நாள்தோறும் பழகினால்தான் அடங்கும். விடையை எழுதித் தரும் இறுதிச் சுற்றுக்கும், 50 கேள்விகளுக்குத் தலா 15 நொடியில் விடையைத் தட்டச்சு செய்ய வேண்டிய இணையவழி நுழைவுத் தேர்வுக்கும் இப்பயிற்சி உதவாது.