முள்ளுக் கத்தரி: விதை போட்டு வளர்த்த அனுபவம்

எங்கள் வீடு பரதராமிப் பக்கம். குடியாத்தத்திலிருந்து சித்தூர் போகிற சாலையில், எல்லைக்கு இந்தப் புறம். சந்தையில் பாதிப் பேர் கத்தரிக்காய் என்பார்கள், பாதிப் பேர் தெலுங்கில் வங்காய என்பார்கள். முள்ளுக் கத்தரி வந்திருக்கிறதா என்றுதான் இரண்டு தரப்பும் முதலில் கேட்கும். வேலூர் மாவட்டத்து இலவம்பாடி ரகம் அது. 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தண்டு, இலை, காம்பு எங்கும் முள் இருக்கும். பறிக்கும்போது கை கீறினாலும், எண்ணெய்க் கத்தரிக்காய்க்கு அதை விட்டால் வேறு காய் எனக்குப் பிடிப்பதில்லை.

விதையைப் பயிர் வைத்திருப்பவரிடம் கேட்டு வாங்குங்கள். சமையலுக்கு வாங்கிய காயை அறுத்து விதை எடுத்தால் முளைக்காது. நாம் சாப்பிடுவது பிஞ்சுப் பருவத்துக் காய், அதற்குள் விதை முற்றியிருக்காது. வீரிய ஒட்டு ரக விதையும் வேண்டாம். அதிலிருந்து அடுத்த வருஷத்துக்கு எடுக்கும் விதை தாய்ச்செடி மாதிரியே வராது.

ஆடியில் விதைப்பது எனக்குச் சரியாக வருகிறது. ஆவணியில் நடவு முடிந்து, ஐப்பசி மழைக்குள் செடி வேர் பிடித்துவிடும்.

நாற்று விடும் இடத்தில்தான் எனக்கு இரண்டு தடவை அடி விழுந்தது. விதை நன்றாக முளைத்தது. பன்னிரண்டாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால் பாதி நாற்று தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. புழு கடித்துவிட்டது என்று நினைத்துச் சாம்பல் தூவினேன். மறுநாள் மீதியும் சாய்ந்தது. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது: மண்ணைத் தொடும் இடத்தில் தண்டு நூல் மாதிரி சுருங்கி, தண்ணீரில் ஊறினதுபோல் பழுப்பாக இருந்தது. இது நாற்றழுகல், பூஞ்சை செய்கிற வேலை. வழி விட்டது நான்தான். அரை அடிச் சட்டியில் ஒரு பிடி விதையை நெருக்கமாகத் தூவி, காலையும் மாலையும் பூவாளியால் ஊற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அவ்வா எட்டிப் பார்த்துவிட்டு, "நாருக்குத் தாகம் எடுக்கட்டும் கண்ணு, அப்புறம் தண்ணி குடு" என்றார். அவர் வீட்டில் நாற்றுக்கு நாரு என்றுதான் பெயர்.

இப்போது செய்வது இது. செம்மண், மணல், நன்றாக மக்கிய தொழு உரம் மூன்றும் சம பங்கு. கலந்து ஒரு வாரம் வெயிலில் பரப்பிக் காயவிடுவேன். விதையை இரவு முழுக்க ஊறவைத்து, நிழலில் ஈரம் போக உலர்த்தி, டிரைக்கோடெர்மா விரிடி (அழுகல் பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சைத் தூள்) ஒரு சிட்டிகை சேர்த்துப் புரட்டிக்கொள்வேன். விதைக்கு விதை இரண்டு விரல் இடைவெளி, அரை சென்டிமீட்டர் ஆழம், மேலே மெல்லிசாக ஆற்று மணல், அதன்மேல் வைக்கோல் மாதிரி ஒரு மூடாக்கு. ஏழு முதல் பத்து நாளில் முளைக்கும். முளை கண்ணில் பட்டதும் மூடாக்கை எடுத்துவிட்டுக் காலை வெயிலில் வையுங்கள்.

பூவாளியை நாற்றுக்குப் பயன்படுத்தவே வேண்டாம். சட்டியைத் தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தில் வைத்தால் அடித்துளை வழியாக ஈரம் ஏறும். மேல்மண் நிறம் மாறியதும் எடுத்துவிடலாம். அடுத்த தண்ணீர், மேல்மணல் வெளுத்த பிறகுதான். இதற்குப் பிறகு ஒரு சட்டிகூட எனக்கு அழுகவில்லை. குழித்தட்டும் நல்லதுதான், ஆனால் எங்கள் வெயிலுக்கு அது சீக்கிரம் காய்கிறது. என் ஓட்டு மண்சட்டிக்கே.

30, 35 நாளில் நாலைந்து இலை வந்திருக்கும். சாயங்காலம் பார்த்து, செடிக்குச் செடி இரண்டடி விட்டு நடுங்கள். குழிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு. மீதிப் பராமரிப்பு தக்காளி மாதிரிதான்.

ஒன்றில் மட்டும் கண் இருக்கட்டும். நுனிக் குருத்து தலை தொங்கினால் தண்ணீர்க் குறை என்று விடாதீர்கள். உள்ளே தண்டையும் காயையும் துளைக்கிற புழு இருக்கும். வாடிய இடத்துக்கு ஓர் அங்குலம் கீழே வெட்டி எரித்துவிடுங்கள். சொத்தைக் காயையும் எருக்குழியில் போடக் கூடாது. 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, வடிகட்டி, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து வாரம் ஒரு தடவை மாலையில் தெளிக்கிறேன்.

பிறகு சேர்த்தது: பூ கொட்டுகிறது என்று நாலைந்து பேர் எழுதியிருந்தீர்கள். பூவின் நடுவில் மஞ்சள் மகரந்தப் பைகள் கூம்பாக நிற்கும். அவற்றைத் தாண்டிப் பச்சை முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அந்தப் பூ காய்க்கும். முனை உள்ளே மறைந்திருந்தால் அது குட்டைச் சூல்தண்டுப் பூ, உதிரத்தான் செய்யும். ஒரே செடியில் இரண்டும் இருக்கும், அதனால் சில பூ கொட்டினால் பயப்பட வேண்டாம். எல்லாமே கொட்டினால் கடும் வெயிலையோ சத்துக் குறைவையோ சந்தேகப்படுங்கள். மகரந்தம் பையின் நுனித் துளை வழியாகத்தான் உதிரும், அதற்கு அதிர்வு வேண்டும். வண்டு வராத மொட்டைமாடி என்றால் காலையில் பூக்கொத்தை விரலால் லேசாகத் தட்டிவிடுங்கள்.

இன்னொன்று, விதை எடுப்பது பற்றி. நல்ல செடியில் ஒரு பூவை மொட்டாக இருக்கும்போதே மெல்லிய துணிப்பை கட்டி வேறு ரக மகரந்தம் சேராமல் காப்பாற்றுங்கள். பிஞ்சு பிடித்ததும் பையை எடுத்துவிட்டு, அடையாளத்துக்கு நூல் கட்டிவிடுங்கள். மஞ்சளாகிப் பழுப்பேறும்வரை பறிக்க வேண்டாம். பிறகு தண்ணீரில் பிசைந்து, மிதப்பதைக் கொட்டிவிட்டு அடியில் தங்கியதை நிழலில் உலர்த்துங்கள். உடனே போட்ட புது விதை முளைக்கவில்லை என்று ஒரு அம்மா எழுதியிருந்தார். புதிதாக எடுத்த கத்தரி விதைக்கு உறக்கம் உண்டு. நான் இரண்டு மாதம் துணியில் முடிந்து வைக்கிறேன். மாசியில் எடுத்தது ஆடிக்குத் தாராளமாக முளைக்கிறது.