இன்டர்வியூல நம்ம ஏரியா பசங்க எங்க சொதப்புறாங்க

மொதல்ல அட்ரஸ் மேட்டர். நம்ம வட சென்னைல வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைன்னு போட்டா எச்ஆர் ஒரு மாதிரி பாப்பாங்கன்னு அண்ணா நகர் சித்தி வீட்டு அட்ரஸ ரெஸ்யூம்ல போடுறாங்க. வேணாம்பா, எப்படியும் ஆதார் கேப்பாங்க, அதுல ஒண்ணு இதுல ஒண்ணுன்னு இருந்தா ஏரியாவால வராத சந்தேகம் இதனால வந்துரும். "அவ்ளோ தூரத்துலருந்து டெய்லி வருவியா"ன்னு கேட்டா மூஞ்ச தூக்காதீங்க, லேட்டா வருவியான்னுதான் கேக்குறாங்க. திருவொற்றியூர்ல ட்ரெயின் ஏறி பீச் ஸ்டேஷன்ல மாறி தரமணில இறங்கிடுவேன் சார்னு ரூட்ட சொல்லுங்க, முடிஞ்சுது.

அடுத்தது ஃபேக் எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர். யாரோ காசு வாங்கிகினு அடிச்சு குடுக்குறாங்க, ஆனா இப்பல்லாம் நெறைய கம்பெனில பிஎஃப் சர்வீஸ் ஹிஸ்டரி கேக்குறாங்க, எந்த கம்பெனில என்னைக்கு சேந்த என்னைக்கு விட்டன்னு யூஏஎன்ங்கற உங்க பிஎஃப் நம்பர்ல அப்படியே நிக்கும், வேலைக்கு சேந்தப்புறம் மாட்டுனாலும் தூக்கிருவாங்க. இதுல கொடுமை இன்னான்னா, சும்மா இருந்தேன்னு சொல்ற பையன் நெஜமா சும்மா இருந்திருக்க மாட்டான். காசிமேட்டுல மாமாகூட விடியக்காலைல மீன் ஏலத்துல நின்னு எந்த பார்ட்டி எத்தன பெட்டி எடுத்தாங்க, யார் பாக்கின்னு நோட்டுல எழுதி சாயங்காலம் வசூல் பண்ணிருப்பான். அக்கவுண்ட்ஸ் வேலைக்கோ கலெக்ஷன் வேலைக்கோ போறப்போ இத விட என்னய்யா வேணும்? ஆனா அத அசிங்கம்னு நெனச்சு மறைச்சுட்டு, யூட்யூப்ல மனப்பாடம் பண்ண "ஐ ஆம் எ ஹார்ட் வொர்க்கர், டீம் பிளேயர்"னு ஒப்பிப்பான், நடுவுல ஒரு கேள்வி வந்தா திரும்ப மொதல்லருந்து ஆரம்பிப்பான். இங்கிலீஷ் தடுமாறினா "தமிழ்ல சொல்லட்டுமா சார்"னு கேளுங்க, நெறைய எடத்துல ஓகேன்னுதான் சொல்வாங்க, கால் சென்டர்னா மட்டும் கஷ்டம்.

சம்பளம். சிடிசி, அதாவது உங்களுக்காக கம்பெனி வருஷத்துக்கு பண்ற மொத்த செலவு, 3 லட்சம்னா 12ஆல வகுத்து 25,000 வரும்னு வீட்ல சொல்லிட்டு பைக்குக்கு ட்யூ போட்டுறாதீங்க. கம்பெனி கட்டுற பிஎஃப், கிராஜுவிட்டி எல்லாத்தையும் பெரும்பாலும் அந்த 3 லட்சத்துக்குள்ளயே அடக்கிருப்பாங்க, அதுக்கு மேல உங்க பங்கு பிஎஃப் பேசிக்ல 12 சதவீதம் புடிப்பாங்க, சம்பளம் 21,000க்குள்ளன்னா மருத்துவ காப்பீட்டுக்கு இஎஸ்ஐ 0.75 சதவீதம் வேற. அதனால "கைக்கு எவ்ளோ சார் வரும்"னு கூச்சப்படாம கேட்டுருங்க.

டிரஸ்ஸ பத்தி பெருசா ஒண்ணும் இல்ல, துவைச்சு அயர்ன் பண்ண சட்ட போதும்.

டெபாசிட், டிரெயினிங் ஃபீஸ், லேப்டாப்புக்கு அட்வான்ஸ்னு எந்த பேர்ல காசு கேட்டாலும் அது வேலையே இல்ல, ஆஃபர் லெட்டர்ல எவ்ளோ பெரிய சீல் இருந்தாலும் சரி. சர்டிஃபிகேட்டும் அப்படித்தான், ஒரிஜினல காட்டுங்க, செராக்ஸ குடுங்க, ஒரிஜினல் எங்ககிட்டயே இருக்கட்டும்னு எவனாவது சொன்னா ஃபைல எடுத்துகினு கெளம்பி வந்துருங்க.