1975-ஐ வாரம் வாரமாகக் கேட்போம்: கன்ட்ரி இசைக்குள் நுழைய ஒரு வழி

அமெரிக்க நாட்டுப்புறத்தில் வேர்விட்ட கன்ட்ரி இசையைக் கேட்க ஆசை, எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை என்பவர்களுக்கு இந்தப் பதிவு. இணையத்தில் தேடினால் "எக்காலத்திலும் சிறந்த 100" என்று பட்டியல்கள் வந்து விழும். அதை விட்டுவிடுங்கள். ஐம்பது வருடப் பாட்டை ஒரே மூச்சில் கேட்டால் எல்லாம் ஒரே மாதிரி இருக்கிற மாதிரிதான் தோன்றும். ஒரே ஒரு வருடத்தை எடுத்துக்கொண்டு, அந்த வருடம் முதலிடம் பிடித்த பாடல்களை வரிசையாகக் கேட்டால், அன்றைக்கு அங்கே நடந்த சண்டை சச்சரவுகூடக் காதில் விழும்.

என் பரிந்துரை 1975.

படி 1: நோட்டுப் புத்தகம்

அமெரிக்காவின் பில்போர்டு பத்திரிகை வாராவாரம் கன்ட்ரி பாடல்களுக்குத் தனிப் பட்டியல் போடுகிறது. 1975-இல் முதலிடம் பிடித்தவை எவை என்று தேடினால் தேதியோடு கிடைக்கும். தேதி, பாட்டு, பாடியவர் என்று மூன்று கட்டம் போட்டு எழுதிக்கொள்ளுங்கள். நான்காவது கட்டத்தைக் காலியாக விடுங்கள், அப்புறம் தேவைப்படும்.

52 வாரத்தில் 40-க்கும் மேற்பட்ட பாடல்கள் முதலிடம் வந்து போயிருக்கும். பெரும்பாலானவை ஒரே வாரம்தான் தாக்குப்பிடித்தன. பயப்பட வேண்டாம், ஒவ்வொன்றும் ஏறக்குறைய மூன்று நிமிடம். ஒரு நாளைக்கு ஒரு மாதம் என்று கேட்டால் பன்னிரண்டு நாளில் முடிந்துவிடும்.

படி 2: சரியான ஒலிப்பதிவா என்று பாருங்கள்

இதில் நான் ஏமாந்திருக்கிறேன். ஃப்ரெடி ஃபெண்டரின் "வேஸ்டட் டேஸ் அண்ட் வேஸ்டட் நைட்ஸ்" பாட்டை ஒரு வாரம் கேட்டு நாலு பேரிடம் பீற்றிக்கொண்ட பிறகுதான், அது 1975 பதிவே அல்ல என்று தெரிந்தது. பழைய பாடகர்கள் பலர் தங்கள் பாட்டையே வேறு நிறுவனங்களுக்கு மறுபடி பாடிக் கொடுத்திருக்கிறார்கள். செயலிகளில் எல்லாம் கலந்து கிடக்கும். ஆல்பத்தின் பெயரையும் ஆண்டையும் பார்த்த பிறகே ஓட விடுங்கள்.

ஃபெண்டர் இந்தப் பாட்டை முதலில் பதிவு செய்தது 1959-இல். டெக்சஸின் சான் பெனிட்டோவில் பிறந்த மெக்சிகோ வம்சாவளிக்காரர், இயற்பெயர் பால்டெமார் ஹுயெர்டா. பாட்டு சூடு பிடித்த நேரத்தில், 1960-இல், கஞ்சா வைத்திருந்ததாகக் கைதாகி லூசியானாவின் அங்கோலா சிறைக்குப் போனார். வெளியே வந்து மெக்கானிக் வேலைகூடப் பார்த்தார். 1975-இல் மீண்டும் பாடி முதலிடம் பிடித்தார். அதே வருடம் மார்ச்சில் முதலிடம் வந்த அவருடைய "பிஃபோர் த நெக்ஸ்ட் டியர்டிராப் ஃபால்ஸ்" பாட்டில் பாதி வழியில் ஸ்பானிய மொழிக்குத் தாவிவிடுவார்.

படி 3: முதல் தடவை வார்த்தையைக் கவனிக்காதீர்கள்

கருவியை மட்டும் கேளுங்கள், அதிலும் பெடல் ஸ்டீல் கிடாரை. நாலு கால் வைத்த மேசை மாதிரி முன்னால் இருக்கும். வலது கை மீட்ட, இடது கையில் இருக்கும் உருக்குத் துண்டு கம்பிகளின் மேல் வழுக்கிக்கொண்டு போகும். காலால் பெடலை அழுத்தினால் சில கம்பிகளின் சுருதி மட்டும் ஏறும் அல்லது இறங்கும். முழங்காலால் தள்ளும் நெம்புகோல்களும் உண்டு. கோட்டுவாத்தியம் கேட்டுப் பழகிய காதுக்கு அந்த வழுக்கல் உடனே பிடிபடும். கான்வே ட்விட்டியின் "லிண்டா ஆன் மை மைண்ட்" பாட்டில் தேடிப் பாருங்கள். குரல் விட்ட இடத்தில் அது விம்ம ஆரம்பிக்கும்.

படி 4: அப்புறம் கதை

இரண்டாம் தடவை கேட்கும்போது பாட்டின் கதையை இரண்டு வரியில் தமிழில் எழுதுங்கள். கன்ட்ரி பாட்டில் சரணங்கள் கதையை நகர்த்தும், பல்லவி அதே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வரும். டாலி பார்டனின் "த பார்கெய்ன் ஸ்டோர்" பற்றி நான் எழுதியது: "காதலில் அடிபட்டவள் தன்னைப் பழைய சாமான் கடை என்கிறாள். பொருள் தேய்ந்ததுதான், ஆனால் உழைக்கும் என்கிறாள்." இதில் ஆபாசம் இருப்பதாக நினைத்துச் சில வானொலி நிலையங்கள் ஒலிபரப்ப மறுத்தன. அப்படியும் முதலிடம் வந்தது.

படி 5: நட்சத்திரம் போடுங்கள்

காலியாக விட்ட கட்டம் இதற்குத்தான். கன்ட்ரி பட்டியலில் மட்டுமல்லாமல், எல்லா வகைப் பாடல்களும் மோதும் ஹாட் 100 பட்டியலிலும் அதே வருடம் முதலிடம் வந்தவற்றுக்கு நட்சத்திரம். மொத்தம் ஐந்து விழும்: பி. ஜே. தாமஸின் மூச்சு வாங்கும் நீளத்தலைப்புப் பாட்டு, ஃபெண்டரின் "டியர்டிராப்", கிளென் கேம்ப்பெல்லின் "ரைன்ஸ்டோன் கௌபாய்", ஜான் டென்வரின் இரண்டு.

சண்டை இங்கேதான். டென்வர் பாடுவது கன்ட்ரியா, பாப் இசையா என்று கன்ட்ரி இசைத்துறையின் தலைநகரான நாஷ்வில்லில் பலருக்கு எரிச்சல். அந்த அக்டோபரில் கன்ட்ரி மியூசிக் அசோசியேஷன் விருது மேடையில், ஆண்டின் சிறந்த கலைஞர் பெயரை அறிவிக்க வந்த பாடகர் சார்லி ரிச் உறையைப் பிரித்தார், சட்டைப்பையிலிருந்து லைட்டரை எடுத்தார், டென்வர் பெயர் இருந்த காகிதத்தைக் கொளுத்திவிட்டார். அது எதிர்ப்பா, வேறு ஏதாவதா என்று இன்றைக்கும் பேசுகிறார்கள்.

இப்போது இரண்டு பாட்டை அடுத்தடுத்து ஹெட்ஃபோனில் கேளுங்கள். முதலில் "ரைன்ஸ்டோன் கௌபாய்". ரைன்ஸ்டோன் என்பது மேடை உடையில் ஒட்டும் போலிக் கல். பாட்டிலும் ஜிகினாவுக்குக் குறைவில்லை, வயலின் கூட்டம் அலை அலையாக எழும். அடுத்து வில்லி நெல்சனின் "ப்ளூ ஐஸ் க்ரையிங் இன் த ரெயின்". நைலான் கம்பிக் கிடார், மூக்கோடு ஒட்டிய குரல், சுற்றிலும் நிறைய வெற்றிடம். இந்தப் பாட்டு இருந்த ஆல்பத்தைக் கேட்ட கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்தார் இது வெறும் மாதிரிப் பதிவோ என்று சந்தேகப்பட்டார்கள். 1940-களில் வந்த பாட்டுதான் அது. மற்றவர்களுக்கு ஹிட் எழுதிக் கொடுத்த நெல்சன், பாடகராக முதன்முதலில் முதலிடம் பிடித்தது அதில்தான். எனக்குப் பிடித்தது எது என்று சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

நவம்பரையும் விட்டுவிடாதீர்கள். டென்வரின் "ஐ'ம் சாரி" முதலிடம் வந்த அதே மாதம், வேலன் ஜென்னிங்ஸ் "ஆர் யூ ஷ்யூர் ஹேங்க் டன் இட் திஸ் வே" பாட்டோடு வந்து நிற்கிறார். ஜிகினாச் சட்டையும் புதுக் காருமாகத் திரிகிறோமே, அந்தக்கால கன்ட்ரி ஜாம்பவான் ஹேங்க் வில்லியம்ஸ் இப்படியா செய்தார் என்று கேட்கிற பாட்டு.

படி 6: டிசம்பருக்குக் கொஞ்சம் அகராதி

கடைசிப் பாட்டான "கான்வாய்" முதல் தடவை ஒன்றும் புரியாது. சி. டபிள்யூ. மெக்கால் பாடுவதே இல்லை, பேசுகிறார். பில் ஃப்ரைஸ் என்ற விளம்பரக்காரர் ஒரு ரொட்டி விளம்பரத்துக்காக உருவாக்கிய லாரி டிரைவர் பாத்திரம்தான் மெக்கால். எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அமெரிக்காவில் மணிக்கு 55 மைல் வேகக் கட்டுப்பாடு வந்திருந்தது. போலீஸ் நிற்கும் இடத்தை டிரைவர்கள் வண்டியில் வைத்திருந்த சி.பி. ரேடியோ என்ற பேசும் கருவியில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். பாட்டு முழுக்க அந்தக் குழூஉக்குறிதான். பியர் என்றால் போலீஸ். டென்-ஃபோர் என்றால் சரி. ரப்பர் டக் என்பது ஒரு டிரைவரின் ரேடியோப் பெயர். இவ்வளவு தெரிந்தால் கதையைப் பிடித்துவிடலாம்.

இந்தப் பாட்டு ஆறு வாரம் இடத்தை விடாமல் 1976 ஜனவரிக்குள்ளும் ஓடியது. நோட்டில் ஒரு பக்கம் கூடுதலாக விட்டு வையுங்கள்.