மினி பிசில சர்வர் ஏத்துறதுக்கு முன்னாடி பயாஸ்ல பண்ணக்கூடாத தப்புங்க

பெங்களூர் எஸ்பி ரோடு பக்கம் போனா ஆபீஸ்ல கழிச்சு விட்ட டெல் ஆப்டிப்ளெக்ஸ் மைக்ரோ, லெனோவோ திங்க்சென்டர் டைனி மாதிரி மினி பிசி எல்லாம் கிடைக்கும், வாங்கிட்டு வந்த கையோட பெண்டிரைவ சொருகி ப்ராக்ஸ்மாக்ஸோ (ஒரே மெஷின்ல பல விர்ச்சுவல் மெஷின் ஓட்டுற சிஸ்டம்) உபுண்டு சர்வரோ ஏத்திடலாம்னு உக்காந்துடுறாங்க, அங்கயே தப்பு ஆரம்பிச்சிடுது. அந்த மெஷின் யாரோ ஒருத்தர் காலைல ஆன் பண்ணி சாயங்காலம் ஆஃப் பண்றதுக்காக செட் பண்ணி வச்சது. சர்வர்னா மானிட்டர், கீபோர்டு எதுவும் இல்லாம ஷெல்ஃப் மேல கிடக்கப் போகுது, அதனால பயாஸ் (மெஷின் ஆன் ஆனதும் முதல்ல ஓடுற, ஹார்டுவேர் செட்டிங்ஸ் எல்லாம் இருக்கற ப்ரோக்ராம்) வேலைய முன்னாடியே முடிச்சிடணும்.

கடையிலயே பயாஸ் உள்ள போய் பாருங்க. ஆன் பண்ணதும் அழுத்த வேண்டிய கீ, டெல்னா எஃப்2, திங்க்சென்டர்னா எஃப்1, எச்பின்னா எஃப்10. பழைய கம்பெனி போட்ட பாஸ்வேர்ட் அப்படியே இருந்தா வாங்காதீங்க, புது மாடல்ல மதர்போர்டு பேட்டரிய கழட்டினாலும் பெரும்பாலும் அது போகாது.

பேட்டரின்னதும் ஞாபகம் வருது, அந்த சிஆர்2032 பட்டன் செல்ல மாத்திடுங்க. அது செத்துப் போயிருந்தா ஒவ்வொரு தடவ கரண்ட் போறப்பவும் நீங்க மாத்துனதெல்லாம் பழையபடி ஆயிடலாம், தேதி எங்கயோ பின்னாடி போய் நிக்கும், அப்புறம் சர்டிஃபிகேட் சரியில்ல, அப்டேட் வரலன்னு நெட்வொர்க்க திட்டிட்டு இருப்பீங்க.

பயாஸ் அப்டேட் பண்றதா இருந்தா முதல்ல அத பண்ணுங்க, ஏன்னா சில அப்டேட் செட்டிங்ஸ டிஃபால்ட்டுக்கு தள்ளிடும். மழை வர்ற மாதிரி இருக்கற சாயங்காலத்துல மட்டும் வேணாம், பாதியில கரண்ட் போச்சுன்னா மெஷினே எந்திரிக்காம போயிடலாம்.

நிறைய பேர் கோட்டை விடுறது பவர் செட்டிங்லதான். கரண்ட் போய் திரும்ப வந்தா என்ன பண்ணணும்ங்கறதுக்கு ஆஃப், ஆன், லாஸ்ட் ஸ்டேட்னு மூணு ஆப்ஷன் இருக்கும், டெல்ல இதுக்கு ஏசி ரெக்கவரின்னு பேரு. ஆஃப்ல விட்டுட்டு பொங்கலுக்கு ஊருக்குப் போனீங்கன்னா, இங்க பத்து நிமிஷம் கரண்ட் போனாலும் நீங்க திரும்பி வர்ற வரைக்கும் சர்வர் தூங்கும். லாஸ்ட் ஸ்டேட் நல்லாத்தானே இருக்குன்னு தோணும், ஆனா யூபிஎஸ் சிக்னல் குடுத்து சர்வர் ஒழுங்கா ஷட்டவுன் ஆயிருந்தா கடைசி நிலை ஆஃப்தானே, அதனால எந்திரிக்காது. ஆன்ல வைங்க. வேக் ஆன் லேனும் (நெட்வொர்க் வழியாவே மெஷின ஆன் பண்றது) வேணும்னா டெல்ல டீப் ஸ்லீப் கண்ட்ரோல ஆஃப் பண்ணணும், இல்லாட்டி மெஷின் ஆஃப்ல இருக்கும்போது லேன் கார்டுக்கு கரண்டே போகாது.

இன்ஸ்டாலர்ல டிஸ்க்கே தெரியலன்னா உடனே கடைக்காரர்கிட்ட சண்டைக்குப் போயிடாதீங்க. பயாஸ்ல ஸ்டோரேஜ் மோடு ரெய்டுல (பல டிஸ்க்க ஒண்ணா சேர்க்கற மோடு) இருக்கும், ஏஎச்சிஐக்கு (டிஸ்க்க நேரா காட்டுற சாதா மோடு) மாத்துங்க, பாதி கேஸ் அதோட தீந்துடும்.

விடி-எக்ஸ் (விர்ச்சுவல் மெஷின் ஓட்ட இன்டெல் ப்ராசசர் குடுக்கற வசதி) ஆன் ஆகாமலே ப்ராக்ஸ்மாக்ஸ் ஏறும், கன்டெய்னரும் ஓடும், விஎம் (விர்ச்சுவல் மெஷின்) ஸ்டார்ட் பண்ணும்போதுதான் எரர் வரும். ஏஎம்டில அதுக்கு எஸ்விஎம்னு பேரு. விடி-டி வேற, பிசிஐ கார்ட விஎம்முக்கு நேரா குடுக்கணும்னாதான் அது வேணும்.

செக்யூர் பூட்ட (கையெழுத்து போட்ட சாஃப்ட்வேர மட்டும் பூட் ஆக விடுற செட்டிங்) பாத்ததும் ஆஃப் பண்றது ஒரு பழக்கமாவே ஆயிடுச்சு. உபுண்டுவும் ப்ராக்ஸ்மாக்ஸ் 8.1ல இருந்து வந்ததும் அதோடவே ஓடும். வெளி டிரைவர் எதாவது ஏத்துனா ரீபூட்ல கீய ஒத்துக்கச் சொல்லி கீபோர்டு கேக்கும், அந்த தொல்லை வேணாம்னா ஆஃப் பண்ணுங்க.

டிஸ்க் காலியா இருக்கும்போதே கீபோர்ட கழட்டிட்டு ஒரு தடவ ஆன் பண்ணிப் பாருங்க, சில மெஷின் கீபோர்டு இல்லன்னு சொல்லி எஃப்1 அழுத்தச் சொல்லும் (எதுல அழுத்துறதாம்?), அந்த செக்கையும் பயாஸ்ல ஆஃப் பண்ணிட்டு, ஓடிட்டு இருக்கும்போதே பிளக்க புடுங்கி மறுபடி சொருகுங்க, தானா ஆன் ஆனா இன்ஸ்டால ஆரம்பிக்கலாம்.