கெண்டையின் செவுளைப் பார்த்து ஏரியை அறிய

மீனில் பூச்சி நிறைய இருந்தால் தண்ணீர் கெட்டது, இல்லாவிட்டால் சுத்தம் என்று பலரும் நினைக்கிறார்கள். கணக்கு அப்படி இல்லை. மீனை மட்டும் நம்பி வாழும் ஒட்டுண்ணிகள் ஒரு வகை. நத்தை, மீன், நீர்க்காகம் என்று வீடு மாறி வளர்பவை இன்னொரு வகை. சாக்கடை கலந்தால் முதல் வகை பெரும்பாலும் பெருகும். நத்தையும் சிற்றுயிர்களும் அழியும் அளவுக்கு நஞ்சானால் இரண்டாவது வகை குறையும். ஆகவே பார்க்க வேண்டியது இந்த இரண்டு வகைகளின் விகிதம். கடல் மீன்களிலும் இதைத்தான் பார்க்கிறார்கள்.

நீலகிரியில் இதற்கு ஏற்றது கெண்டை. 1939-ல் இலங்கையிலிருந்து கொண்டுவந்த கண்ணாடிக் கெண்டையின் வழி வந்தவை இங்கே உண்டு. கோடப்பமந்து கால்வாய் விழும் ஊட்டி ஏரியில் ஒரு தொகுதி, ஒப்பிட எமரால்டு அணையில் ஒரு தொகுதி எடுக்கலாம். மீன்வளத் துறை அனுமதியை முதலிலேயே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

ஒவ்வொரு இடத்திலும் 30 மீன், எல்லாம் ஏறக்குறைய ஒரே நீளம், ஒரே மாதம். ஏன் 30? பத்து மீனுக்கு ஒன்றில் இருக்கும் ஒட்டுண்ணிகூட 30 பார்த்தால் ஒன்றிலாவது சிக்க 95 சதவீதத்துக்கு மேல் வாய்ப்புண்டு. பெரிய மீனையும் குஞ்சையும் கலந்தால் வயதின் வித்தியாசத்தை மாசு என்று எழுதிவிடுவீர்கள்.

மீன் உயிரோடு வர வேண்டும். ஐஸ் பெட்டி மீன் இதற்கு உதவாது. மீன் செத்த சில மணி நேரத்தில் செவுள் புழுக்கள் கழன்றுவிடும். அதே ஏரித் தண்ணீரில், பேட்டரி ஏரேட்டர் போட்டுக் கொண்டுவாருங்கள். குழாய்த் தண்ணீரின் குளோரின், மீன் தோலில் வாழும் ட்ரைக்கோடினா என்ற ஒருசெல் ஒட்டுண்ணியைக் கொன்றுவிடும்.

முதலில் பக்கத் துடுப்புக்குப் பின்னால் கவர் ஸ்லிப்பால் வழுவழுப்பை லேசாகச் சுரண்டி, ஒரு சொட்டு ஏரித் தண்ணீரில் வைத்து நுண்ணோக்கியில் 100 மடங்கில் பாருங்கள். சக்கரம்போல் சுழன்று ஓடுவது ட்ரைக்கோடினா. அது பாக்டீரியாவைத் தின்பதால் கழிவு மிகுந்த நீரில் கூட்டமாய் இருக்கும்.

பிறகு மீனை வலியில்லாமல் கொன்று, செவுள் மூடியை வெட்டி, இடப்பக்கத்து நான்கு வளைவுகளையும் தனித்தனிப் பெட்ரி தட்டில் வையுங்கள். 40 மடங்கில் இழைகளுக்கிடையே நெளியும் செவுள் புழுக்களைப் பாருங்கள். ட்ரைக்கோடினாவைப் போல இவையும் மீனை மட்டும் நம்பும் முதல் வகை. தலையில் நான்கு கரும்புள்ளிக் கண் இருந்தால் டாக்டைலோகைரஸ். கண் இல்லாமல், வயிற்றுக்குள் குட்டி மடங்கிக் கிடந்தால் கைரோடாக்டைலஸ். எண்ணி முடித்த வளைவை 4000-க்கு 1 பங்கு ஃபார்மலினில் அரை மணி நேரம் போட்டுக் குலுக்கி, அடியில் படிந்ததையும் எண்ணுங்கள். விட்டுப்போனவை அங்கே கிடக்கும்.

வீடு மாறும் வகையைத் தேடக் குடலைக் கீறி 0.65 சதவீத உப்புநீரில் விரியுங்கள். கண் வில்லையையும் பிதுக்கிப் பாருங்கள். முள்தலைப் புழு கிடைத்தால் ஒரு பகுதியை உறைய வையுங்கள். அது ஈயம் போன்ற உலோகத்தை மீன் தசையைவிடப் பல மடங்கு சேர்த்து வைக்கும். ஃபார்மலினில் போட்டால் உலோகச் சோதனை கெட்டுவிடும்.

30 மீனில் 21-ல் புழு, மொத்தம் 168 என்று வைத்துக்கொள்வோம். பரவல் 70 சதவீதம், தொற்றிய மீனுக்குச் சராசரி 8, எல்லா மீனுக்கும் 5.6. மூன்றையும் எழுதுங்கள். ஒரே மீனில் 90 இருந்தால் சராசரி ஏமாற்றும். இடைநிலை எண்ணையும், அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்ணையும், சேருங்கள்.

அண்மையில் ஏரியில் குஞ்சு விட்டார்களா என்று கேட்காமல் எதையும் முடிவு கட்டாதீர்கள். பண்ணைத் தொட்டியில் ஒட்டிய புழு அந்தக் குஞ்சோடு வந்திருக்கலாம். அப்போது நீங்கள் எண்ணியது பண்ணையின் புழுவை.