வெப்பக் கமராவில் படம் தெளிவில்லையா? கடைக்குக் கொண்டுபோகுமுன் செய்து பாருங்கள்

பொருள்களின் சூட்டை நிறங்களாகக் காட்டும் கையடக்க வெப்பக் கமராவைப் புதிதாக வாங்கியவர்களின் முதல் முறைப்பாடு, "படம் மங்கலாக இருக்கிறது" என்பதுதான். ஆனால் மங்கலில் பல வகை உண்டு. ஓரங்கள் குழைந்திருப்பது ஒன்று. எல்லாம் ஒரே நிறமாகக் கிடப்பது இன்னொன்று. மணல் தூவியதுபோலப் புள்ளி விழுவது வேறொன்று. காரணங்களும் வேறு வேறு. எது என்று பாராமல் மெனுவுக்குள் புகுந்து கண்ட எண்ணையெல்லாம் மாற்றினால், ஒழுங்காக இருந்ததும் கெட்டுவிடும். ஆகவே கீழே உள்ள வரிசையிலேயே போங்கள். பல குறைகள் முதல் நான்கு படிகளுக்குள்ளேயே அகப்பட்டுவிடும். அதுவரை மெனுவைத் திறக்கத் தேவையில்லை.

தொடங்குமுன் ஒரு சோதனை

வெயில் படாத உட்சுவர் ஒன்றில் உள்ளங்கையை அழுத்திச் சில விநாடி வைத்திருந்து எடுங்கள். ஒரு மீற்றர் தள்ளி நின்று கமராவில் பாருங்கள். ஐந்து விரலும் பிரிந்து தெரிந்தால் உங்கள் கமராவின் உணரி (சென்சர்) நலமாக இருக்கிறது. இதைக் காலையில் செய்வது நல்லது. சித்திரை மாத நடுப்பகலில் யாழ்ப்பாணத்துச் சுவரும் நம் தோலும் ஏறத்தாழ ஒரே சூட்டில் இருக்கும், கையடையாளம் பதியாது. அப்படியான வேளையில் விரலை நனைத்துச் சுவரில் ஒரு கோடு இழுங்கள். நீர் ஆவியாகும்போது அந்த இடம் குளிர்ந்து, கோடு தெளிவாகத் தெரியும்.

படி 1: சூடேற விடுங்கள்

கமராவை முடுக்கியவுடன் படம் எடுக்காதீர்கள். ஐந்து முதல் பத்து நிமிடம் பொறுங்கள். உள்ளே இருக்கும் உணரி தன் சொந்தச் சூட்டையும் சேர்த்தே உணர்கிறது. அது நிலைப்படும்வரை படத்தில் திட்டுகளும் கோடுகளும் வரும். இடையிடையே "டிக்" என்று ஒரு சத்தம் கேட்டுப் படம் ஒரு கணம் உறைந்து நிற்கும். பயப்பட வேண்டாம். கமரா ஒரு சிறு மூடியை உணரிக்கு முன்னால் இறக்கி, எல்லாப் பிக்சல்களையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருகிறது. திட்டுகள் தொடர்ந்தால் இந்தச் சமப்படுத்தலை நீங்களே ஒருமுறை இயக்கலாம். பல கருவிகளில் அதற்கென ஒரு பொத்தான் இருக்கும்.

இன்னொன்று: விளையாட்டுக்குக்கூடச் சூரியனை நோக்கிப் பிடிக்காதீர்கள். உணரியில் தடம் விழுந்து, எடுக்கும் படங்களிலெல்லாம் ஆவிபோல நிற்கும். அது சிலவேளை மெல்ல மறையும், சிலவேளை மறையாது.

படி 2: வில்லையைப் பாருங்கள்

நம் ஊரில் அதிகம் தொல்லை தருவது இதுதான். வெப்பக் கமராவின் வில்லை கண்ணாடியால் ஆனதல்ல. சாதாரணக் கண்ணாடி இந்த அலைநீளங்களை, அதாவது 8 முதல் 14 மைக்கிரோமீற்றர் வரையான செங்கீழ்க் கதிர்களை, உள்ளே விடாது. அதனால் பெரும்பாலும் ஜேர்மானியத்தில் வில்லை செய்கிறார்கள். பார்வைக்கு அது உலோகம்போல மின்னும். அதை மூடி என்று நினைத்துக் கழற்ற முயன்றவர்களும் உண்டு.

ஏ.சி. போட்ட வாகனத்திலிருந்தோ அறையிலிருந்தோ வெளியே வந்தவுடன், கடலேரியிலிருந்து வரும் ஈரக் காற்று குளிர்ந்த வில்லையில் பட்டு வியர்க்கும். நீர் இந்தக் கதிர்களை உறிஞ்சிவிடுவதால், கண்ணுக்குச் சரியாகத் தெரியாத மெல்லிய படலம்கூடப் படத்தைக் குழப்பிவிடும். துடைக்காதீர்கள், துடைத்தால் அடுத்த நிமிடமே மீண்டும் வியர்க்கும். கமராவை அதன் பையை விட்டு எடுக்காமல் பதினைந்து இருபது நிமிடம் வெளியே வைத்துவிடுங்கள். வெளிச் சூட்டுக்கு வந்தபின் ஈரம் பிடிக்காது.

கரையோரங்களில் வேலை செய்பவர்களுக்கு உப்புப் படிவும் உண்டு. அதற்கு முதலில் காற்றூதியால் தூசியை ஊதுங்கள். பிறகு வில்லைத் துடைப்புத் தாளில் ஐசோபுரொப்பைல் அற்ககோலைச் சிறிது நனைத்து, நடுவிலிருந்து வெளிப்புறமாக மெதுவாகத் துடையுங்கள். சாரத்தின் தலைப்பாலோ சட்டை நுனியாலோ துடைத்தால் மேற்பூச்சு கீறுப்படும். அந்தக் கீறலை எந்த அமைப்பாலும் திருத்த முடியாது.

படி 3: குவியம்

வில்லையைச் சுற்றி வளையம் இருந்தால், அதைத் திருப்பித்தான் குவியம் (ஃபோகஸ்) பிடிக்க வேண்டும். ஜன்னல் கம்பி, கதவு நிலை போன்ற நேரான விளிம்பு ஒன்றைப் பார்த்து, அது கூராகும்வரை திருப்புங்கள். படம் எடுத்தபின் நிறத்தை மாற்றலாம், படி 5இல் வரும் வெப்ப வீச்சை மாற்றலாம். குவியத்தை மாற்ற முடியாது. குவியம் பிசகினால் சிறிய சூடான புள்ளியின் வெப்பநிலையும் குறைத்தே பதியும். எரியப்போகும் மின் இணைப்பு ஒன்று "பரவாயில்லை" என்று தெரிவது இப்படித்தான்.

வளையம் இல்லாத மலிவான கருவிகளில் குவியம் நிலையானது. கையேட்டில் உள்ள மிகக் குறைந்த தூரத்தைப் பாருங்கள். அதைவிடக் கிட்டப் போனால் படம் குழையும். இக்கருவிகளில் பல, விநாடிக்கு 9 படங்களுக்குள்ளேயே காட்டுவன. ஆகவே முழங்கையை விலாவோடு ஒட்டி, அசையாமல் நின்று எடுங்கள்.

படி 4: கிட்டப் போங்கள்

160×120 பிக்சலும் 50 பாகைப் பார்வைக் கோணமும் உள்ள கமராவை எடுத்துக்கொள்வோம். ஒரு மீற்றர் தூரத்தில் ஒரு பிக்சல் ஏறத்தாழ 6 மில்லிமீற்றர் இடத்தைப் பார்க்கிறது. 3 மீற்றரில் அது 17 மில்லிமீற்றருக்கு மேல். நம்பத்தகுந்த ஓர் அளவுக்குக் குறைந்தது மூன்றுக்கு மூன்று பிக்சலாவது வேண்டும். அதாவது 5 சென்ரிமீற்றர். ட்ரிப் சுவிட்சின் இணைப்பு ஆணி அதில் எங்கே தெரியப்போகிறது? வாசலில் நின்றபடி சுவிட்ச் போர்டைப் படம் எடுத்துவிட்டுக் கமராவைக் குறை சொல்லக் கூடாது. அதேவேளை, மின் பெட்டியின் உள்மூடியைக் கழற்றிக் கிட்டப் போவது தகுதியுள்ள மின் பணியாளரின் வேலை.

கிட்டப் போகும்போது விளிம்புகள் இரட்டையாகத் தெரிந்தால், சாதாரணப் படத்தையும் வெப்பப் படத்தையும் கலந்து காட்டும் முறை இயங்குகிறது என்று பொருள். இரண்டு வில்லைகளும் பக்கம் பக்கமாக இருப்பதால் வரும் பிசகு அது. அந்த முறையை நிறுத்திவிடுங்கள்.

படி 5: வெப்ப வீச்சு

இனி மெனுவுக்கு வரலாம். கமரா தானியங்கியாக இருக்கும்போது, காட்சியில் உள்ள மிகக் குளிர்ந்ததையும் மிகச் சூடானதையும் இரு முனைகளாக வைத்து நிறங்களைப் பங்கிடும். வெயிலில் கொதிக்கும் தகரக் கூரையோ, மிகக் குளிராகப் பதியும் திறந்த வானமோ ஓரத்தில் வந்துவிட்டால், நீங்கள் பார்க்க வந்த பொருளுக்கு ஒரு நிறம்கூட மிஞ்சாது. வீச்சைக் கையால் பூட்டுங்கள். கிணற்றடி மோட்டரைப் பார்ப்பதானால் 30 முதல் 70 பாகை செல்சியஸ் என்று தொடங்கி, பிறகு ஒடுக்கலாம்.

மணல் தூவியது போன்ற புள்ளிகள் இதற்கு நேர்மாறான சிக்கல். எல்லாமே ஒரே சூட்டில் உள்ள அறைச் சுவரைப் பார்த்தால், கமரா ஒரு பாகை வித்தியாசத்தை முழு நிறவரிசைக்கும் இழுத்து நீட்டும். உணரியின் இரைச்சல் வெளியே வரும். வீச்சை ஐந்து பாகைக்காவது அகட்டினால் அடங்கிவிடும்.

வானவில் நிறவரிசையை நான் பரிந்துரைப்பதில்லை. கண்ணைப் பறிக்கும், ஆனால் இல்லாத எல்லைகளைக் காட்டும். குவியம் பிடிக்கும்போதாவது கறுப்பு வெள்ளைக்கு மாற்றுங்கள்.

படி 6: பொருளின் மேற்பரப்பு

இங்கே படம் தெளிவாகவே இருக்கும். சொல்வது பொய்யாக இருக்கும். மினுக்கிய அலுமினியம், செம்பு, புதுத் தகரம் எல்லாம் வெப்பத்துக்கு முகம் பார்க்கும் கண்ணாடிபோல. அவற்றின் காலற்றிறன், அதாவது தம் சூட்டைக் கதிராக வெளிவிடும் திறன், மிகக் குறைவு. மெனுவில் எமிசிவிட்டி என்று இருப்பது இதுதான். அவை தம் சூட்டைச் சொல்லாமல் சுற்றியுள்ளவற்றின் சூட்டைத் திருப்பிக் காட்டும். மினுங்கும் ரைல்ஸ் தரையில் உங்கள் உருவமே நிற்கும். சூடான புள்ளி ஒன்றைக் கண்டால் இரண்டடி பக்கமாக நகர்ந்து பாருங்கள். புள்ளியும் கூட நகர்ந்தால் அது பிரதிபலிப்பு.

உண்மையான அளவு வேண்டுமானால், மின்சாரம் துண்டித்த நிலையில் உலோகத்தின் மீது கறுப்பு இன்சுலேசன் ரேப் ஒரு துண்டு ஒட்டி, அந்த மின் கருவியை மீண்டும் இயங்கவிட்டு, எமிசிவிட்டியை 0.95 என வைத்து ரேப்பின் மேல் அளவெடுங்கள். மின்னோட்டம் உள்ள வெறும் உலோகத்தில் ஒருபோதும் ஒட்டாதீர்கள்.

படி 7: நேரமும் காற்றும்

காலையில் வெயில் ஏறும்போதும் மாலையில் இறங்கும்போதும் சிறிது நேரம் சுவர், மண், மரம் எல்லாம் ஒரே சூட்டுக்கு வந்துவிடும். அப்போது படம் சப்பென்று இருக்கும். கமராவில் பிழை இல்லை. ஆனி, ஆடியில் சோளகம் வீசும்போது வெளியே உள்ள சூடான இணைப்புகள் காற்றில் ஆறிவிடும். காற்று விழுந்தபின் பாருங்கள். கொங்கிறீட் கூரையில் ஒழுக்குத் தேடுவதானால், வெயில் எறித்த நாளின் பொழுது பட்டபின் ஏறுங்கள். ஈரமான இடம் மெதுவாகவே ஆறுவதால் சூடான திட்டாகத் தனித்து நிற்கும்.

சோலார் பனலுக்கு மட்டும் எல்லாம் தலைகீழ். அது மின்னை உற்பத்தி செய்துகொண்டிருந்தால்தான் பழுதான கலம் சூடாகும். சதுர மீற்றருக்கு 600 வாற்றாவது வெயில் விழும் நேரம் வேண்டும். முகிலற்ற நடுப்பகல் பொருத்தமானது. நேர் எதிரே நிற்காமல் சற்றுச் சாய்வாக நின்று எடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் நிழலுருவமே பனலில் தெரியும்.

இத்தனைக்கும் பிறகும் அதே இடத்தில் அசையாத புள்ளியோ நெடுங்கோடோ நின்றால் அது கருவியின் குறை. வில்லை மூடியைப் போட்டு ஒரு படம், உட்சுவரைப் பார்த்து ஒரு படம், சமப்படுத்தியபின் இன்னொரு படம் எடுங்கள். திரைப்பிடிப்பாக அனுப்பாமல், கமரா சேமித்த மூலக் கோப்பையே உத்தரவாத அட்டையோடு விற்றவருக்குக் கொடுங்கள்.