ரெண்டு லட்ச ரூபாய் ஏர் பிஸ்டல்: அந்த விலைக்குத் தகுமா என்று எப்படிப் பார்ப்பது

கோவையில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறேன். ஒரு இரும்புத் துண்டைக் கையில் எடுத்தால், நிதானமாகக் கடைந்ததா, ராத்திரி ஷிப்டில் அவசரமாக முடித்ததா என்று விரலே சொல்லிவிடும். அந்தத் தெம்பில்தான் மகளுக்குப் பத்து மீட்டர் ஏர் பிஸ்டல், அதாவது பத்து மீட்டர் தள்ளியிருக்கிற இலக்கைச் சுடுகிற போட்டிக்கான காற்றழுத்தக் கைத்துப்பாக்கி, வாங்கக் கிளம்பினேன். முதல் தடவை ஏமாந்ததும் அந்தத் தெம்பால்தான். அதைப் பிறகு சொல்கிறேன்.

அவளுக்குப் பதினைந்து வயது. இரண்டு வருடம் ரேஞ்சில் இருக்கிற பொதுத் துப்பாக்கியில்தான் சுட்டாள். 60 ஷாட்டுக்கு, அதாவது 600 புள்ளிக்கு, 540 வர ஆரம்பித்ததும் கோச், "இனி சொந்தமா ஒண்ணு பாருங்க சார்" என்றார். விசாரித்தால் ஸ்டையர், மோரினி, ஃபைன்வெர்க்பாவ், வால்தர், பர்தினி என்று ஐந்து பெயர்கள். எனக்குச் சொன்ன விலை எல்லாம் ஒன்றரை லட்சத்திலிருந்து இரண்டரை லட்சம் வரை. அந்தப் பணத்துக்குப் பட்டறையில் ஒரு பழைய மில்லிங் மெஷின் போட்டுவிடலாம். ஆகவே கேள்வி இலேசானதில்லை.

லைசென்ஸ் பற்றித்தான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். 2016 ஆயுத விதிகளின்படி 4.5 மி.மீ. குழலும் 20 ஜூலுக்கு உட்பட்ட சக்தியும் உள்ள ஏர் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தேவையில்லை. போட்டி பிஸ்டலின் பெல்லட், அதாவது சின்ன ஈயக் குண்டு, எடை சுமார் அரை கிராம், வேகம் வினாடிக்குச் சுமார் 150 மீட்டர். கணக்குப் போட்டால் ஐந்து ஜூல்தான். ஆனாலும் விளையாட்டுச் சாமான் இல்லை. கண்ணில் பட்டால் கண் போய்விடும். வீட்டில் பூட்டித்தான் வைக்க வேண்டும்.

சரி, விலைக்கு வருவோம். துப்பாக்கியைப் பார்க்கிறதுக்கு முன்னால் பிள்ளை சுட்ட இலக்கு அட்டையைப் பாருங்கள். பத்து வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ. பெல்லட் கோட்டைத் தொட்டாலே புள்ளி உண்டு என்பதால், பெல்லட்டின் மையம் நடுவிலிருந்து 8 மி.மீ.க்குள் விழுந்தால் பத்து. 16-க்குள் என்றால் ஒன்பது, 24-க்குள் எட்டு. ஒரு புள்ளிக்கு 8 மி.மீ. என்று மனதில் வைத்துக்கொண்டால் போதும். என் மகள் பத்து ஷாட் சுட்டால் மொத்தமாக 45 மி.மீ. அகலத்துக்குப் பரவும். நல்ல பிஸ்டலைக் கிளாம்பில் மாட்டிச் சுட்டால் ஐந்து பெல்லட்டும் ஏறக்குறைய ஒரே ஓட்டைக்குள் போகும். பெட்டியோடு வருகிற கம்பெனி அட்டையிலேயே அதைப் பார்க்கலாம். அந்த அட்டையை விற்கிறவர்கள் பெருமையாகக் காட்டுவார்கள். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். துப்பாக்கியின் பிசகு இரண்டு மி.மீ., கையின் பிசகு நாற்பது. அந்த இரண்டை ஒன்றாக்க ஐம்பதாயிரம் கூடுதலாகக் கொடுத்து என்ன பயன்?

வேகத்தையும் இப்படித்தான் கணக்குப் போட்டேன். ஷாட்டுக்கு ஷாட் வினாடிக்கு 5 மீட்டர் வேறுபட்டாலும் பத்து மீட்டரில் பெல்லட் ஏறி இறங்குவது ஒன்றரை மி.மீ. அளவுதான்.

அப்படியானால் பணம் எதற்குப் போகிறது? முதலில் பிடிக்கு. ரேஞ்சில் எல்லாரும் க்ரிப் என்பார்கள். இதற்கு ஒரு சோதனை உண்டு. காலி பிஸ்டலை இலக்குக்கு நேராகத் தூக்கி நிறுத்திவிட்டுக் கண்ணை மூடச் சொல்லுங்கள். இரண்டு மூச்சு விடட்டும். பிறகு கண்ணைத் திறந்து, குறிபார்க்கக் குழல் முனையில் இருக்கிற முன் சைட், பின் சைட்டின் வெட்டுக்கு நடுவில் இருக்கிறதா என்று மட்டும் சொல்லட்டும். இருபது தடவை செய்து ஒவ்வொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். என் மகளுக்குப் பொதுத் துப்பாக்கியில் இருபதில் பதினாறு தடவை முன் சைட் இடது பக்கம் ஒதுங்கி நின்றது. இரண்டு வருடமாக ஒவ்வொரு ஷாட்டுக்கும் மணிக்கட்டை முறுக்கித்தான் அதை நடுவுக்குக் கொண்டுவந்திருக்கிறாள். பாவம், நாங்கள் அவளைத்தான் திட்டிக்கொண்டிருந்தோம்.

அந்த பிஸ்டலில் இருந்தது மீடியம் பிடி. அவள் கைக்கு ஸ்மால்தான் சேரும். பிடி தனியாகவே விற்கிறது. மோரினி பிடிகளை மற்ற கம்பெனி பிஸ்டல்களிலும் பார்க்கலாம். ஸ்டையர் எல்பி 10 என்ற மாடலில் வந்ததே அதுதான். ஆகவே முழுத் துப்பாக்கிக்குப் பணம் எண்ணுவதற்கு முன், இப்போது கையில் இருப்பதற்குச் சரியான அளவில் ஒரு பிடி மட்டும் வாங்கினால் என்ன ஆகும் என்று கேளுங்கள். நிறையப் பேருக்கு அங்கேயே கதை முடிந்துவிடும். விரல் இடுக்கில் இடைவெளி இருந்தால் மர மக்கு வைத்து, அரம் போட்டு, உப்புத்தாள் தேய்த்துச் சரிசெய்யலாம். மணிக்கட்டைத் தாங்குகிற மாதிரி மட்டும் வளர்த்துவிடக் கூடாது. விதி அதை ஒத்துக்கொள்ளாது. மூன்று ஞாயிற்றுக்கிழமை நான் இந்த வேலையில்தான் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாவது ட்ரிக்கர். என்னைக் கேட்டால், விலையில் பாதி இதற்குத்தான், அது நியாயமும்கூட. போட்டியில் ட்ரிக்கர் குறைந்தபட்சம் 500 கிராம் இருக்க வேண்டும். குழலை மேல்நோக்கி நிறுத்தி, ட்ரிக்கரில் 500 கிராம் எடையைத் தொங்கவிட்டுத் தூக்குவார்கள். ட்ரிக்கர் உடையாமல் எடை மேலே வர வேண்டும். மலிவான பிஸ்டலிலும் 500 வைக்கலாம். ஆனால் முந்நூறு ஷாட்டுக்குப் பிறகு அது 470-க்கோ 560-க்கோ நகர்ந்திருக்கும். நல்லதில் நகராது. கடையில் ஒரு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு "ஆகா, பட்டு மாதிரி இருக்கு" என்று சொல்லாதீர்கள். ட்ரிக்கர் இரண்டு கட்டமாக நகரும்; முதல் கட்டம் எங்கே முடிகிறது என்று விரலுக்குச் சுவர் மாதிரி தட்டுப்பட வேண்டும். அந்தச் சுவருக்கு அப்புறம் இழுவை இருக்கக் கூடாது, சட்டென்று உடைய வேண்டும். குழல் மேல் ஒரு ரூபாய்க் காசை வைத்து ட்ரை ஃபயர், அதாவது பெல்லட் போடாமல் ட்ரிக்கரை மட்டும் அழுத்துவது, செய்து பாருங்கள். பத்தில் எட்டு தடவை காசு விழாமல் நின்றால் அந்த ட்ரிக்கர் பிள்ளைக்கு ஒத்துவந்துவிட்டது. பொதுத் துப்பாக்கியில் அவளுக்கு நின்றது மூன்று தடவை, கடன் வாங்கிப் பார்த்த ஸ்டையரில் எட்டு. இரண்டு லட்சம் யோசிக்கத் தகும் என்று எனக்கு முதன்முதலாகப் பட்டது அந்தக் காசைப் பார்த்தபோதுதான்.

எலக்ட்ரானிக் ட்ரிக்கரா, மெக்கானிக்கலா? எலக்ட்ரானிக் இன்னும் சுத்தமாக உடையும் என்பது உண்மை. ஆனால் 2021 ஜூலையில் டோக்கியோவில் மனு பாக்கருக்குப் போட்டி நடுவில் பிஸ்டல் பழுதானது நினைவிருக்கும். நிமிடங்கள் போயின, 575 புள்ளியோடு 12-ஆவது இடம், இறுதிச்சுற்று இல்லை. அதே மனு 2024-இல் பாரிஸில் இரண்டு வெண்கலம் வாங்கினார் என்பது வேறு கதை. அவரோடு இந்திய அணியே வந்திருந்தது. நம் பிள்ளையோடு மாவட்டப் போட்டிக்கு வருவது நாமும் ஒரு தண்ணீர்ப் பாட்டிலும்தான். பக்கத்தில் சர்க்யூட் பார்க்கத் தெரிந்தவர் இல்லையென்றால் மெக்கானிக்கலே போதும் என்பது என் கட்சி. கோச் ஒத்துக்கொள்ளவில்லை. இன்றைக்கும் ஒத்துக்கொள்ளவில்லை.

இப்போது நான் ஏமாந்த கதை. வெளியூரில் ஒருவர் பழைய பிஸ்டல் ஒன்றைத் தொண்ணூறாயிரத்துக்குத் தருவதாகச் சொன்னார். போய்ப் பார்த்தேன். கடைசல் அருமை, போல்ட் வழுக்கிக்கொண்டு போகிறது, ஒரு கீறல் இல்லை. பேரம்கூடப் பேசாமல் வாங்கிவிட்டேன். ஊருக்கு வந்ததும் கோச் முதலில் திருப்பிப் பார்த்தது காற்று அடைக்கிற சிலிண்டரை. 200 பார் அழுத்தம் தாங்குகிற சிலிண்டருக்குப் பத்து வருடம்தான் ஆயுள். தேதி அதன் மேலேயே பொறித்திருக்கும். இதற்கு மீதி இருந்தது ஏழு மாதம். தேதி தாண்டினால் அதில் காற்று ஏற்றுவதே ஆபத்து, போட்டியிலும் நிறுத்திவிடுவார்கள். புதுசு ஒன்று வரவழைக்க நான்கு மாதம் காத்திருந்தேன். லேத்காரன் கண்ணுக்குக் கடைசல் தெரிந்தது, தேதி தெரியவில்லை.

ஆகவே பழையது வாங்கினால் தேதிதான் முதல். அப்புறம் கசிவு: சாயங்காலம் 200 பார் ஏற்றி, அரை மணி நேரம் பொறுத்து முள்ளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏற்றிய சூட்டில் இருக்கிற காற்று ஆறும்போது முள் கொஞ்சம் இறங்கும், அது கசிவு இல்லை. காலையில் முள் அதே இடத்தில் நிற்க வேண்டும். இறங்கியிருந்தால் பெரும்பாலும் ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம்தான், சில்லறைச் செலவு. ஆனால் அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம்.

டைட்டானியம், கலர் கலரான சிலிண்டர், கார்பன் டிசைன் இதெல்லாம் கண்ணுக்கு. எடை 1500 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பதுதான் விதி, கம்பெனிக்காரர்கள் எல்லாரும் அதற்குக் கீழேதான் செய்கிறார்கள். அதிர்வை அடக்குகிற அப்சார்பர் நல்ல விஷயம், ஆனால் 560-க்குக் கீழே சுடுகிறவருக்கு அது இருப்பதே தெரியாது.

பெல்லட்டை எல்லாரும் கணக்கில் விட்டுவிடுகிறார்கள். ஒரு நாளைக்கு நூறு ஷாட், வருடத்துக்கு 250 நாள் என்றால் 25,000 பெல்லட், அதாவது ஐந்நூறு கொள்ளும் டப்பா ஐம்பது. துப்பாக்கி வாங்கியதால் டப்பா வாங்கக் கை இழுக்கும் என்றால் விலை குறைந்ததையே வாங்குங்கள். அலமாரியில் இருக்கிற இரண்டரை லட்சத்தைவிட, தினமும் சுடுகிற ஒரு லட்சம் அதிகப் புள்ளி தரும்.

பணம் கொடுக்கிற அன்று மூன்று விஷயம் கேளுங்கள். ஓ-ரிங்கும் ஸ்ப்ரிங்கும் ஊரில் யாரிடம் கிடைக்கும்? பழுதானால் எத்தனை வாரம் ஆகும்? பில்லில் சீரியல் நம்பர் எழுதுவீர்களா? மூன்றாவதுக்குத் தலையைச் சொறிந்தால் பெட்டியை மூடிக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள்.